மேற்கே கிடந்த நிலம் ஆளில்லாத நிலமா?

கூழாங்கல், 3 மார்ச் 2024, மாலை 6.10

அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஆளில்லாத வெட்டவெளியாகக் கிடந்தது. அரசு அனுப்பிய பயணக் குழுவின் தலைவர்கள் லூயிஸும் கிளார்க்கும் வழி கண்டுபிடித்தார்கள். பின்னால் வண்டி கட்டிக்கொண்டு போன ஏழைகளுக்கு அரசு ஆளுக்கு 160 ஏக்கரை இலவசமாகக் கொடுத்தது. பாடுபட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். இவ்வளவு எளிதாக நிலப் பங்கீடு வேறெந்த நாட்டிலும் நடக்கவில்லை என்பது என் கருத்து. மறுப்பு உள்ளவர்கள் எழுதலாம்.

மானாவாரி, 3 மார்ச் 2024, இரவு 9.40

மறுப்பு உண்டு. "ஆளில்லாத" என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

1803-ல் அமெரிக்க அரசு பிரான்சிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு வாங்கியது மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரந்துகிடந்த லூசியானா நிலப்பரப்பு. பிரான்சு விற்றது மண்ணை அல்ல. அந்த மண்ணில் வாழ்ந்த மக்களிடமிருந்து அதை இனி வாங்கவோ பறிக்கவோ மற்ற ஐரோப்பிய அரசுகளுக்கு முன்னால் தனக்கிருந்ததாகச் சொல்லிக்கொண்ட உரிமையைத்தான் அது விற்றது. நிலத்தில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம் லூயிஸும் கிளார்க்கும் மிசூரி ஆற்றில் படகேறினார்கள். அந்த முதல் குளிர்காலத்தை அவர்கள் கழித்தது மாண்டன், ஹிடாட்சா மக்களின் ஊர்களுக்குப் பக்கத்தில். மண்ணால் மூடிய வட்ட வீடுகளும், மக்காச்சோளம், அவரை, பூசணி விளையும் ஆற்றங்கரைத் தோட்டங்களும் கொண்ட ஊர்கள் அவை. அவற்றில் வாழ்ந்தவர்களின் தொகை, பயணக் குழு கிளம்பிவந்த செயின்ட் லூயிஸ் ஊரின் மக்கள்தொகையைவிட அதிகம். குழுவிலிருந்த கொல்லர் இரும்புக் கோடரிகள் அடித்துக் கொடுக்க, அதற்கு மாற்றாகச் சோளம் கிடைத்தது. அந்தச் சோளத்தில்தான் அவர்கள் குளிர்காலத்தைத் தாண்டினார்கள்.

மலையைத் தாண்டக் குதிரை வேண்டும். குழுவோடு கைக்குழந்தையைச் சுமந்து சென்ற சகாகவியா ஷோஷோனி இனத்தில் பிறந்தவர். அந்த மக்களின் தலைவர் கமேயாவைட் அவருடைய அண்ணனாக இருந்ததால் குதிரை கிடைத்தது. 1805 செப்டம்பரில் பிட்டர்ரூட் மலைகளைக் கடந்து பட்டினியால் தள்ளாடி இறங்கியவர்களுக்கு நெஸ் பெர்ஸ் மக்கள் சால்மன் மீனும் காமாஸ் கிழங்கும் கொடுத்தார்கள்; குழுவின் குதிரைகளை அடுத்த ஆண்டு திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார்கள். கண்டுபிடித்தார்கள் என்று நாம் எழுதுவதை, விருந்தோம்பல் பெற்று வழி கேட்டுப் போனார்கள் என்றுதான் எழுத வேண்டும்.

மானாவாரி, 4 மார்ச் 2024, காலை 7.15

நேற்று எழுத மறந்தது ஒன்று. லூயிஸும் கிளார்க்கும் சென்ற வழியில் பின்னாளில் எந்தக் குடியேறியின் வண்டியும் போகவில்லை. அந்த மலைப்பாதையில் வண்டி ஏறாது. வண்டி ஏறக்கூடிய கணவாய் தெற்கே, இன்றைய வயோமிங் மாநிலத்தில் உள்ள சவுத் பாஸ். அதை 1824-ல் ஜெடடையா ஸ்மித் என்ற தோல் வணிகர் கண்டறிந்தார். அந்தக் கணவாய் இல்லாவிட்டால், குடியேறிகளின் வண்டிகள் மேற்கே சென்ற ஓரிகன் தடம் என்ற ஒன்றே இருந்திருக்காது.

மானாவாரி, 4 மார்ச் 2024, இரவு 10.05

காலையில் எழுதியதைத் திருத்துகிறேன். 1812-லேயே ராபர்ட் ஸ்டூவர்ட் என்பவர் பசிபிக் கரையிலிருந்து கிழக்கே திரும்பும்போது சவுத் பாஸைக் கடந்துவிட்டார். தெற்கே சுருக்கமான வழி இருக்கிறது என்று அவருடைய குழுவுக்குச் சொன்னவர் ஒரு ஷோஷோனி. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்மித்துக்கு வழி சொன்னவர்கள் குரோ இனத்தவர். முதல் குறிப்பில் நான் எதைக் கண்டித்தேனோ அதையே, "கண்டறிந்தார்" என்று எழுதி, காலையில் நானும் செய்துவிட்டேன். அந்தச் சொல் நம் பாடப்புத்தகங்கள் வழியாக நம் கைக்கு அவ்வளவு பழகிப்போயிருக்கிறது.

நான் நெப்ராஸ்காவில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். ஒரு கோடையில் அப்பா வந்திருந்தபோது சவுத் பாஸ் வரை காரில் அழைத்துச் சென்றேன். கணவாய் என்றதும் ஆரியங்காவுபோல இருபுறமும் மலை நெருக்கும் இடத்தை எதிர்பார்த்து வந்தவர், "எங்கேப்பா கணவாய்?" என்று கேட்டார். நாங்கள் அதன் நடுவில்தான் நின்றோம். கடல்மட்டத்திலிருந்து 7,400 அடி உயரம் என்றாலும், கண்ணுக்கெட்டியவரை சாம்பல் நிறப் புதர் மண்டிய அகன்ற மேட்டுநிலம்தான். அங்கிருந்து மேற்கே ஓடும் நீர் பசிபிக் பக்கத்தைச் சேர்ந்தது என்பது, சொன்னால்தான் தெரியும். மாடு மூச்சுவாங்காமல் வண்டியை இழுத்துக் கண்டத்தின் முதுகைக் கடந்துவிடக்கூடிய அந்தச் சாய்வுதான் வரலாற்றை அவ்வழியே திருப்பியது.

மானாவாரி, 6 மார்ச் 2024, இரவு 8.30

அந்தத் தடத்தில் போன வண்டிகளைப் பற்றிச் சொல்கிறேன். திரைப்படங்களில் குதிரைகள் பாய்ந்து இழுக்கும். உண்மையில் பெரும்பாலானவர்கள் பூட்டியது காளைமாடு. கோவேறு கழுதை வேகமானது, ஆனால் விலை கூடுதல். மாடு மெதுவாகப் போனாலும் வழியில் கிடைக்கும் புல்லைத் தின்று தாங்கும், கடைசியில் போய்ச்சேர்ந்த இடத்தில் ஏருக்கும் உதவும். நான்கு சக்கர வண்டிக்குள் மாவு மூட்டை, பன்றிக்கறி, விதை, கலப்பை எல்லாம் இருக்கும். ஆட்கள் ஏறுவதற்கு இடமில்லை, பாரமும் கூடாது. ஆகவே பிள்ளைத்தாய்ச்சிகள் உட்பட ஏறத்தாழ எல்லோரும் சுமார் 3,200 கிலோமீட்டரை நடந்தே கடந்தார்கள். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடந்தால் நான்கு மாதத்துக்கு மேல். ஏப்ரல் கடைசியில் புல் முளைத்ததும் மிசூரிக் கரையை விட்டுக் கிளம்பி, ஜூலை 4 வாக்கில் வயோமிங்கில் உள்ள இண்டிபெண்டன்ஸ் பாறையைத் தொட்டுவிட வேண்டும் என்பது கணக்கு. பிந்தினால் மலையில் பனி மறித்துவிடும்.

வயோமிங்கில் குர்ன்சி என்ற ஊருக்கு அருகே வண்டித்தடங்கள் இருக்கின்றன. பிளாட் ஆற்றங்கரையில் சேறு இருந்ததால் எல்லா வண்டிகளும் ஒரே மணற்பாறை மேட்டின்மேல் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பாறை சில இடங்களில் ஐந்தடி ஆழத்துக்குத் தேய்ந்து வாய்க்கால்போல் ஆகிவிட்டது. அப்பா அதற்குள் இறங்கி நின்றபோது பாறையின் விளிம்பு அவர் தோளுக்கு வந்தது. இளமையில் எட்டயபுரம் சந்தைக்குப் பருத்தி வண்டி ஓட்டியவர் அவர். உள்ளங்கையால் பாறைச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு வண்டி போன தடத்தை அடுத்த வண்டி விடாது, மாடே விடாது" என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மரமில்லாத சமவெளியில் எதை எரித்துச் சமைத்தார்கள் என்று அவர் கேட்டதற்கு, பைசன் எனும் காட்டெருமையின் காய்ந்த சாணத்தை என்று சொன்னேன். அம்மாவிடம் தொலைபேசியில் அவர் முதலில் சொன்ன செய்தி அதுதான்: வெள்ளைக்காரப் பெண்களும் மடியில் வறட்டி பொறுக்கியிருக்கிறார்கள்.

கூழாங்கல், 7 மார்ச் 2024, காலை 11.20

ஆனால் வழியெல்லாம் செவ்விந்தியர்களின் தாக்குதல் இருந்ததே? அதைத் தாங்கிச் சென்றவர்களின் துணிவைச் சொல்லாமல் விடுவது சரியா?

மானாவாரி, 7 மார்ச் 2024, இரவு 9.00

துணிவை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களைக் கொன்றது வாந்திபேதி. 1840 முதல் 1860 வரை மூன்று லட்சம் பேர் அளவில் அந்தத் தடத்தில் மேற்கே சென்றார்கள். அந்த இருபது ஆண்டுகளில் பழங்குடியினரால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர் என்றும், பயணிகளால் கொல்லப்பட்ட பழங்குடியினர் 426 பேர் என்றும் நாட்குறிப்புகளையும் செய்தித்தாள்களையும் சலித்துத் திரட்டிய கணக்கு ஒன்று உண்டு. நோயால் இறந்தவர்கள் இதைப்போலப் பல மடங்கு. வங்காளத்தில் கிளம்பி உலகைச் சுற்றிய காலராக் கொள்ளைநோய் 1849-லும் அடுத்த சில ஆண்டுகளிலும் பிளாட் ஆற்றங்கரையோரம் வண்டியோடு வண்டியாகவே பயணம் செய்தது. ஆயிரக்கணக்கான ஆட்களும் மாடுகளும் முகாமிட்டு மலம் கழித்த அதே கரையில் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள். காலையில் வயிற்றுப்போக்கு கண்டவரை மாலையில் புதைத்துவிட்டு, சவத்தை ஓநாய் தோண்டாதிருக்கத் தடத்தின்மேலேயே குழி வெட்டி, அதன்மேல் வண்டிகளை ஓட்டிச் சென்ற குடும்பங்கள் உண்டு.

தாக்குதலைவிடக் கொடுக்கல் வாங்கலே அதிகம். ஆற்றைக் கடக்க உதவியவர்கள், காலணியும் மீனும் விற்றவர்கள், தொலைந்த மாட்டைப் பிடித்துக் கொடுத்தவர்கள் பழங்குடியினர்தான். வண்டிகள் பெருகப் பெருகப் புல்லும் விறகும் காட்டெருமையும் குறைந்தன; நோய் பழங்குடியினரின் முகாம்களுக்குள்ளும் புகுந்தது. உறவு கசந்தது அதன் பிறகு.

மானாவாரி, 10 மார்ச் 2024, மாலை 4.45

இப்போது அந்த 160 ஏக்கருக்கு வருகிறேன்.

1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, 21 வயது நிறைந்தவரோ குடும்பத் தலைவரோ ஒருவர் நில அலுவலகத்தில் மனுப் போட்டு, அந்த நிலத்தில் வீடு கட்டி, ஐந்தாண்டு குடியிருந்து, பயிர் செய்து, பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவரைச் சாட்சிக்கு அழைத்துவந்து நிறுத்தினால் பட்டா கிடைக்கும். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். குடியுரிமை பெற எண்ணம் இருப்பதாக எழுதிக்கொடுத்த வெளிநாட்டவரும், மணமாகாத பெண்ணும், விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் மனுச் செய்யலாம். அந்தக் காலத்துக்கு இது பெரிய வாசல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே மனுப் போட்டவர்களில் ஒருவர் டேனியல் ஃப்ரீமன். நெப்ராஸ்காவின் பியாட்ரிஸ் ஊருக்கு அருகே உள்ள அவருடைய நிலம் இன்று தேசிய வரலாற்றுப் பூங்கா. மொத்தத்தில் 16 லட்சம் பட்டாக்கள், 27 கோடி ஏக்கர். நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

ஆனால் பட்டா கொடுக்க வேண்டுமானால் முதலில் நிலத்தை அளந்து புலமாக்க வேண்டும். அதைச் செய்தது 66 அடிச் சங்கிலி. 100 கண்ணி கொண்ட கண்டர் சங்கிலி. அதை 80 முறை இழுத்தால் ஒரு மைல். 1785-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு சதுரம், அதற்குள் 36 கட்டங்கள், கட்டத்துக்கு 640 ஏக்கர், அதில் கால்வாசி 160. மலை, ஆறு, வேட்டைத் தடம், இடுகாடு எதையும் பொருட்படுத்தாமல் வடக்கும் கிழக்கும் நேர்கோடுகள் ஓடின. நெப்ராஸ்காவில் இன்றும் மைலுக்கு ஒரு சாலை குறுக்கே வெட்டும். "கணக்கு நோட்டுக்குள் கார் ஓட்டுகிறாயா?" என்று அப்பா கேட்டார்.

அதே சங்கிலியை நம் மாகாணத்து நில அளவையிலும் இழுத்திருக்கிறார்கள். நம் பழைய புலப்படங்களில் "லிங்க்ஸ்" என்று இருப்பது அந்தச் சங்கிலியின் கண்ணிதான். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், அதில் நூறில் ஒன்று நாம் மனை வாங்கும் சென்ட். எங்கள் ஊரில் தாத்தா காலத்தில் ஆடு மேய்த்த வெளி அளவையில் "தீர்வை ஏற்படாத தரிசு" என்று பதிவாகியிருந்தது. பின்னாளில் அது வெளியார் ஒருவருக்குப் போனபோது, அங்கே யாரும் இருந்ததாகப் பதிவேட்டில் இல்லை என்பதே அதிகாரிகளின் பதிலாக இருந்தது. ஆளில்லாத நிலம் என்பது எப்படி உண்டாகிறது என்று நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன். பியாட்ரிஸில் அந்தச் சங்கிலியின் நீளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு புல்வெளியைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் ஆட்டுக்கிடைதான்.

மானாவாரி, 11 மார்ச் 2024, காலை 6.50

நேற்றைய குறிப்பில் "இலவசம்" பற்றி எழுதாமல் விட்டேன். 18 டாலர் அலுவலகத்துக்கு. மாடு, கலப்பை, விதை, முதல் விளைச்சல் வரை சாப்பாடு, கிணறு, பிறகு 1874-ல் காப்புரிமை பெற்ற முள்கம்பி ஆகியவற்றுக்கெல்லாம் கைக்காசு வேண்டும். நகரத்துத் தொழிற்சாலைக் கூலிக்காரர் அந்தக் காசைச் சேர்ப்பது எளிதன்று. ஆகவே ஏழைகளிலும் ஓரளவு கையிருப்பு உள்ளவர்களுக்கே வாசல் திறந்தது.

மானாவாரி, 13 மார்ச் 2024, இரவு 10.30

இந்த இழையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது மழை.

அமெரிக்காவை நெடுக்காக வெட்டும் நூறாவது தீர்க்கரேகைக்குக் கிழக்கே ஆண்டுக்கு 20 அங்குலத்துக்கு மேல் மழை பெய்யும். மேற்கே அதற்குக் குறைவு. இதைத் தெளிவாக எழுதிவைத்தவர் ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர். 1869-ல் படகுகளில் கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கைக் கடந்தவர். 1878-ல் அவர் அரசுக்குக் கொடுத்த அறிக்கையின் சாரம் எந்த மானாவாரி விவசாயிக்கும் உடனே விளங்கும்: 160 ஏக்கர் என்பது கிழக்கின் அளவு. மேற்கில் பாசனம் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு 80 ஏக்கரே போதும். பாசனம் இல்லாவிட்டால் மேய்ச்சலுக்கு 2,560 ஏக்கர் வேண்டும். நேர்கோட்டுச் சதுரங்களை விட்டுவிட்டு, தண்ணீர் இருக்கும் இடத்தை வைத்து நிலத்தைப் பிரியுங்கள் என்றார்.

நாடாளுமன்றம் கேட்கவில்லை. கலப்பை போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று அந்நாளில் ஒரு கோட்பாடு பரவியிருந்தது. படித்தவர்களும் அதை நம்பினார்கள், நிலம் விற்ற ரயில் நிறுவனங்களுக்கும் அது வசதியாக இருந்தது. 1880-களின் முற்பகுதியில் நல்ல மழை பெய்ததால் அது மெய்யென்றே தோன்றியது. 1890-களில் வறட்சி வந்தது. மேற்கு கன்சாஸிலும் நெப்ராஸ்காவிலும் குடும்பம் குடும்பமாகத் திரும்பிப் போனார்கள். சட்டம் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது பிறகுதான்: 1904-ல் நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதிக்கு 640 ஏக்கர், 1909-ல் வறண்ட மாநிலங்கள் பலவற்றுக்கு 320 ஏக்கர். புல்வேர் பிடித்துவைத்திருந்த மண்ணை உழுது புரட்டியதன் விலை 1930-களில் புழுதிப் புயலாக வந்து சேர்ந்தது.

20 அங்குலம் என்றால் சுமார் 500 மில்லிமீட்டர். எங்கள் கோவில்பட்டிக் கரிசலில் அதைவிடக் கூடுதலாகவே பெய்யும். இருந்தும், ஐப்பசியில் தவறினால் அந்த வருடமே போயிற்று. வானம் பார்த்த பூமியில் வளர்ந்தவன் என்பதால், வாஷிங்டனில் ஒரு மேசைமேல் எல்லா மண்ணுக்கும் ஒரே எண்ணை எழுதியவர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

மானாவாரி, 16 மார்ச் 2024, காலை 9.10

குடியேறிகளைப் பற்றி இதுவரை நான் எழுதிய தொனி குறித்து மறுபடி யோசித்தேன். பியாட்ரிஸ் பூங்காவில் அவர்கள் பயன்படுத்திய பொருள்களைப் பார்த்தவர்களுக்கு அவர்களை வெறுக்க மனம் வராது. மரம் இல்லாததால் புல்வேரோடு மண்ணைப் பட்டையாக உழுது எடுத்து, மூன்றடி நீளத்துக்கு வெட்டி, புல்பக்கம் கீழே வைத்து அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு. மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும். சில சமயம் பாம்பும் விழும். 1874 கோடையில் வந்த வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரைத் தின்று, சேணத்தின் தோலைத் தின்று, வியர்வை உப்பேறிய மண்வெட்டிப் பிடியையும் அரித்தது. 1888 ஜனவரி 12 அன்று இதமாக விடிந்த நாளில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் பலர் திடீர்ப் பனிப்புயலில் வீடு திரும்பவில்லை.

1877-ல் கென்டக்கியிலிருந்து அடிமைத்தளை அறுந்த கறுப்பினத்தவர் வந்து கன்சாஸில் நிக்கோடமஸ் என்ற ஊரை உண்டாக்கினார்கள். பிறருடைய நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு மண் கிடைத்தது என்பதை நான் சிறிதாக எண்ண மாட்டேன். என் வழக்கு அவர்கள்மீது அல்ல. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட அந்தத் தாளின்மீது.

மானாவாரி, 16 மார்ச் 2024, இரவு 8.00

காலைக் குறிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தத் தாளுக்கு முன்னால் அந்த நிலம் யாருடையது?

பியாட்ரிஸ் வட்டாரம் ஓட்டோ-மிசூரியா மக்களின் நிலம். 1854 ஒப்பந்தத்தில் அவர்கள் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, பிக் புளூ ஆற்றோரம் ஒரு துண்டில் ஒதுங்கினார்கள். 1881-ல் அதையும் விட்டு ஓக்லஹோமாவுக்குப் போனார்கள். வடக்கே வாழ்ந்த போன்கா மக்களை 1877-ல் படை வைத்து வெளியேற்றினார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவரான ஸ்டாண்டிங் பேர், புதிய இடத்தில் இறந்த தம் மகனைச் சொந்த மண்ணில் புதைப்பதற்காக 1879 ஜனவரியில் உடலை எடுத்துக்கொண்டு சிறு கூட்டத்தோடு குளிரில் வடக்கே நடந்தார், கைதானார். ஓமாஹாவில் நடந்த வழக்கில், சட்டத்தின் பொருளில் செவ்விந்தியரும் "ஆள்" என்று அந்த ஆண்டு மே மாதம் நீதிபதி எல்மர் டண்டி தீர்ப்பளித்தார்.

அந்த ஆண்டை மறுபடி பாருங்கள், கூழாங்கல். கடல் தாண்டி வந்து குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்தவர் பதினாறு ஆண்டுகளாகப் பட்டாவுக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த அதே நெப்ராஸ்காவில், அங்கேயே பிறந்தவர் தாம் ஓர் ஆள் என்று வழக்காடி நிரூபிக்க வேண்டியிருந்தது. "ஆளில்லாத நிலம்" என்ற உங்கள் முதல் வரிக்கு என் பதில் இதுதான்.

கூழாங்கல், 17 மார்ச் 2024, மாலை 5.30

அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முதல் குறிப்பில் சொன்ன நெஸ் பெர்ஸ் மக்கள் என்ன ஆனார்கள்?

மானாவாரி, 17 மார்ச் 2024, இரவு 11.15

1855 ஒப்பந்தத்தில் அவர்களுக்கென 75 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1860-ல் அங்கே தங்கம் கிடைத்தது. 1863-ல் புதிய ஒப்பந்தம் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொண்டது. ஓரிகனின் வல்லோவா பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்கள் அதில் கையெழுத்திடவில்லை. 1877-ல் அவர்களை வெளியேறச் சொன்னபோது போர் மூண்டது. தலைவர் ஜோசப்பும் மற்றத் தலைவர்களும் பெண்களையும் பிள்ளைகளையும் குதிரைகளையும் அழைத்துக்கொண்டு, படையோடு பொருதிக்கொண்டே சுமார் 1,900 கிலோமீட்டர் சென்றார்கள். கனடா எல்லைக்கு 65 கிலோமீட்டர் இருக்கையில், பேர் பா மலையடியில், அக்டோபர் 5 அன்று ஜோசப் சரணடைந்தார். அவர்கள் தப்பிச் சென்றது, லூயிஸும் கிளார்க்கும் பட்டினியோடு நடந்த அதே லோலோ மலைத்தடத்தின் வழியாக. ஜோசப்பை வல்லோவாவில் குடியிருக்க அரசு கடைசிவரை விடவில்லை. 1904-ல் வாஷிங்டன் மாநிலத்துக் கோல்வில் ஒதுக்கிடத்தில் அவர் இறந்தார்.

வல்லோவாவில் குடியேறிகள் அமைத்த ஊருக்கு ஜோசப் என்றே பெயர். அந்த ஊரையொட்டி ஒரு நிலத்தை 2020 கடைசியில் நெஸ் பெர்ஸ் மக்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். அடுத்த கோடையில் நூற்றைம்பது பேருக்கு மேல் குதிரையேறி, ஊரின் நடுத்தெரு வழியாக அந்த நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பரப்பு 148 ஏக்கர். ஒரு ஹோம்ஸ்டெட்டுக்குப் பன்னிரண்டு ஏக்கர் குறைவு.